ஊற்றியவர் முகரக்கூடாது

மார்ச் 6, வியாழன்.

இன்று ஒரு சிறு தவறு செய்தேன். மொட்டை மாடியில் காற்றுக்குழாயின் வாயில் புதினா எண்ணெயை ஊற்றிவிட்டு, கீழே மாமா கூப்பிட்டாரே என்று அப்படியே இறங்கிப் போய்விட்டேன். கையைக் கழுவவில்லை. குப்பியின் மூடி சரியாக மூடாமல் சட்டைப் பையிலும் கொஞ்சம் சிந்தியிருந்தது. எண்ணெய் ஊற்றியவர் சோதனை முடியும்வரை வீட்டுக்குள் காலெடுத்து வைக்கக்கூடாது என்பது விதி. காரணம்: குழாயில் எங்கேயாவது கசிவு இருந்தால் அந்த வாடை அறைக்குள் வரும், கீழே நிற்பவர் முகர்ந்து கண்டுபிடிப்பார். ஊற்றியவரே உள்ளே வந்தால் வாடை குழாயிலிருந்து வருகிறதா, அவர் கையிலிருந்து வருகிறதா என்று யாராலும் சொல்ல முடியாது. ஆகவே சோதனை வீண். நாளைய வேலை: சோதனையை மறுபடி செய்வது.

அன்று இவ்வளவுதான் எழுதினேன், சார். நீங்கள் ஓரத்தில் சிவப்பு மையில், "கீழே நின்றவர் என்ன சொன்னார்? அதை ஏன் எழுதவில்லை?" என்று கேட்டிருந்தீர்கள். மாலை வகுப்பில் மற்ற ஆசிரியர்கள் குறிப்புகளை எடை போட்டுப் பார்த்து மதிப்பெண் போடுகிறார்கள். நீங்கள் வரி விடாமல் படிக்கிறீர்கள். செய்த வேலை, செய்த தவறு, அதன் காரணம், நாளைய வேலை என்று நீங்கள் சொல்லித் தந்த வரிசை எனக்குப் பிடித்திருக்கிறது. நான் இயல்பிலேயே சந்தேகப்படுகிறவள். பூட்டிய கதவைத் திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பேன். எழுதி வைத்தால் மனம் அடங்குகிறது. அந்தக் கேள்விக்கு மட்டும் இதுவரை பதில் எழுதாமல் இருந்துவிட்டேன். இன்று மே 15. இப்போது எழுதுகிறேன்.

கீழே நின்றவர் "சுத்தம்" என்றார்.

அவர் என் மாமா, அம்மாவின் தம்பி. குழாய் வேலையில் என்னைக் கூட்டாளியாகச் சேர்த்துக்கொண்டவரும், உங்கள் வகுப்பில் சேர்த்துவிட்டவரும் அவர்தான். மூக்கு மாமா என்றுதான் எல்லோரும் அவரைக் கூப்பிட்டார்கள். சொந்த மருமகள் நான் பேசப் பழகும் முன்பே வாடிக்கையாளர்கள் அப்படிக் கூப்பிடத் தொடங்கிவிட்டார்களாம். சுவரில் மூக்கை வைத்துக்கொண்டு நடப்பார். ஓரிடத்தில் நின்று, "இங்க உடை" என்பார். உடைத்தால் விரிசல் அங்கே இருக்கும். பெரிய காண்ட்ராக்டர்கள்கூட வேலை முடிந்ததும் மாமா வந்து ஒருமுறை மோந்து பார்த்துவிட்டுப் போகட்டும் என்று காத்திருப்பார்கள். அவர் சுத்தம் என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் பேச்சில்லை.

அன்று நாங்கள் வேலை செய்தது ஒரு பழைய வீட்டின் குளியலறையில். நான் கதவைத் திறந்து உள்ளே போனபோது என் மேல் அடித்த வாடையில் எனக்கே கண் எரிந்தது. மாமா குளியல் தொட்டியின் பக்கத்தில் முழங்காலிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, வடிகாலின் வாயில் மூக்கை வைத்திருந்தார்.

"ஏன் மாமா கூப்பிட்டீங்க?"

"ஸ்பேனர எங்க வச்சுத் தொலைச்சே? ஊத்திட்டியா இல்லையா?"

"ஊத்தியாச்சு."

"அதான் பாத்தேன். சுத்தம். ஒரு பொட்டு வாடை இல்ல. இங்கயே பாய விரிச்சுத் தூங்கலாம்."

நான் அவருக்குக் கை எட்டும் தூரத்தில் நின்றேன். இன்னும் ஒரு அடி கிட்டப் போனேன். அவர் தலைக்கு மேலே இருந்த அலமாரியிலிருந்து ஸ்பேனரை எடுக்கும் சாக்கில் என் உள்ளங்கையை அவர் முகத்துக்கு முன்னால் கொண்டுபோனேன். ஒரு புதினாத் தோட்டமே எழுந்து வந்து நின்ற மாதிரி இருந்திருக்க வேண்டும்.

"என்னடி டைரி, முழிச்சுக்கிட்டு நிக்கிறே? எழுதிக்கோ, சுத்தம்னு."

டைரி என்பது அவர் எனக்கு வைத்த பெயர்.

அன்று இரவு முழுக்க யோசித்தேன் என்று எழுதினால் பொய். நன்றாகத் தூங்கினேன். மறுநாள் காலையில் பல் துலக்கும்போதுதான் அக்காவின் நினைவு வந்தது. அதைப் பற்றி உங்களிடம் நான் சொன்னதில்லை. எங்கள் வீட்டில் யாரும் யாரிடமும் சொல்வதில்லை.

எனக்கு ஓர் அக்கா இருந்தாள். செருப்புக் கடையில் நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை. கடைக்குப் பக்கத்தில் ஒரு பழைய வீட்டின் மாடியில் தனியாகக் குடியிருந்தாள். அந்த மாடியை அவள் எடுத்ததே அங்கிருந்த குளியல் தொட்டிக்காகத்தான். சாயங்காலம் வந்ததும் வெந்நீர் பிடித்துக் காலை நீட்டிப் படுத்துக்கொள்வாள். "ராணி மாதிரி இருக்குடி. வந்து பாரு, உன்னையும் ஊறப் போடுறேன்" என்பாள். அவள் குடி வருவதற்கு முன் வீட்டுக்காரர் அந்தத் தொட்டியின் வடிகாலை மாற்றிப் போட்டிருந்தார். போட்டவர் மாமா.

சார், நீங்கள் இதை எனக்கு மூன்றாவது வகுப்பில் கற்றுக் கொடுத்தீர்கள், இருந்தாலும் வரிசைக்காக எழுதுகிறேன். வடிகாலின் அடியில் ஒரு வளைவு இருக்கும். அந்த வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். அந்தத் தண்ணீர்தான் கதவு. கழிவுக் குழியிலிருந்து வரும் கெட்ட காற்று அதைத் தாண்டி அறைக்குள் வர முடியாது. மாடிக்கு ஏறும் காற்றுக்குழாய் இல்லையென்றால், பக்கத்துக் கழிப்பறையில் தண்ணீர் திறந்துவிடும்போதெல்லாம் அந்த வளைவுத் தண்ணீரும் உறிஞ்சப்பட்டுப் போய்விடும். கதவு திறந்துகொள்ளும். பழைய வீட்டின் சுவர் தடிமன். உடைத்துக் காற்றுக்குழாய் ஏற்ற வீட்டுக்காரருக்கு மனமில்லை. மாமாவும் வற்புறுத்தவில்லை. வாடை வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார். வந்தால் தன் மூக்குக்குத் தெரியாமலா போகும்.

வாடை வந்தது. அக்கா போனில் என்னிடம் சொன்னாள். "அழுகின முட்டை மாதிரி வருதுடி. கொஞ்ச நேரத்துல தானாப் போயிடுது." தானாகப் போவதில்லை, அளவு கூடினால் மூக்கு மரத்துப் போகிறது என்று அன்று எனக்குத் தெரியாது. மாமாவிடம் சொல் என்றேன். சொன்னாள். மாமா போய்ப் பார்த்தார். ஒன்றுமில்லை, உனக்கு மனப்பிரமை என்று சொல்லிவிட்டு, அவள் போட்டுக் கொடுத்த காபியைக் குடித்துவிட்டு வந்தார். அக்கா மறுபடி எனக்குப் போன் செய்தாள். மாமா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நானும் சொன்னேன்.

அடுத்த வாரம் அவளைத் தொட்டியில் கண்டெடுத்தார்கள். நீருக்குள் முகம் போயிருந்தது.

அறையில் தூக்க மாத்திரை அட்டை இருந்தது. அதில் பாதிக்கு மேல் மாத்திரைகள் அப்படியே இருந்தன. அவளுக்கு நிச்சயமான கல்யாணம் அதற்கு இரண்டு மாதம் முன்பு நின்று போயிருந்தது. விசாரிக்க வந்த அதிகாரி நல்ல மனிதர், வடிகாலைப் பற்றிக்கூடக் கேட்டார். மாமா சொன்னார்: "நானே மோந்து பாத்தேன் சார். லைன்ல ஒரு குத்தமும் இல்ல." அதோடு கேள்வி முடிந்தது. மீதியை ஜனங்கள் முடித்துக்கொண்டார்கள். கல்யாணம் நின்ற பெண், மாத்திரை அட்டை, மூடிய கதவு. அவள் தானே செய்துகொண்டாள்.

அம்மா அதன் பிறகு அக்காவின் பெயரைச் சொன்னதில்லை. உங்களுக்கு எத்தனை பிள்ளைகள் என்று யாராவது கேட்டால் என்னைக் காட்டி, "இவ ஒருத்திதான்" என்பார். நான் பக்கத்தில் நின்று தலையாட்டுவேன்.

ஆகவே மாமாவுக்கு மூக்கு வேலை செய்கிறதா இல்லையா என்பது எனக்கு முக்கியமாகிவிட்டது. ஒரே ஒரு சோதனையை வைத்து முடிவுக்கு வரக்கூடாது என்பீர்கள். நானும் அவசரப்படவில்லை. அன்று அவருக்கு ஜலதோஷமாக இருந்திருக்கலாம். மண்ணெண்ணெய் நனைத்த துணியை அவர் சாப்பாட்டுப் பையில் வைத்தேன். பையைத் திறந்து, துணியை எடுத்துக் கையைத் துடைத்துக்கொண்டு, சாப்பிட்டார். இன்னொரு நாள், அத்தை அடுப்பில் வைத்த பால் தீய்ந்து வீடெல்லாம் நாறியது. அத்தையும் நானும் சமையலறைக்கு ஓடினோம். மாமா பேப்பரிலிருந்து தலையைத் தூக்கி, "என்னாச்சு, யாராவது வந்திருக்காங்களா?" என்றார்.

பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே அத்தையிடம் கேட்டேன்.

"மாமாவுக்கு வாடை தெரியாதா அத்தை?"

அத்தை குழாயை நிறுத்தினார். கூடத்துப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு மறுபடி திறந்தார்.

"வெளிய மூச்சு விட்டுடாதேடி. தொழிலே போயிடும். அந்தப் பெரிய காய்ச்சல் வந்துச்சில்ல, அதுக்கப்புறம் ஒண்ணுமே தெரியலயாம். என்கிட்டயே ஒரு வருஷம் கழிச்சுத்தான் சொன்னாரு. குழந்த மாதிரி அழுதாருடி."

"எந்தக் காய்ச்சல்?"

"ஆஸ்பத்திரில கெடந்தாரே. நீங்கள்லாம் வந்து பாத்தீங்களே."

பார்த்தோம். அக்கா ஃபிளாஸ்கில் கஞ்சி கொண்டுவந்தாள். மாமாவின் கட்டிலில் உட்கார்ந்து ஊட்டிவிட்டாள். அவள் அந்த மாடிக்குக் குடி போனது அதற்குப் பிறகு. கணக்கை மூன்று தடவை போட்டுப் பார்த்தேன். மூன்று தடவையும் ஒரே விடைதான் வந்தது. அக்கா வீட்டில் மாமா மண்டியிட்டு, கண்ணை மூடி, மூச்சை இழுத்து, சுத்தம் என்று சொன்னபோது அவருக்கு எதுவுமே தெரியவில்லை. அதிகாரியிடம் சொன்னபோதும்தான்.

நான் என்ன விரும்பினேன் என்பதை இங்கே தெளிவாக எழுத வேண்டும். மாமா அம்மாவிடம் வந்து, "அக்கா, எனக்கு மூக்கு இல்ல. உன் பொண்ணு தானா சாகல" என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். பிறகு அம்மா, எனக்கு இரண்டு பெண்கள் என்று சொல்லலாம். நானே ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். நான் சொன்னால் யார் நம்புவார்கள். மாமாவின் மூக்கை ஊரே தலையில் தூக்கி வைத்து ஆடுகிறது. நான் சந்தேகப் பிராணி. அத்தை சாட்சி சொல்லியிருப்பாரா என்று தெரியாது. கேட்டுப் பார்க்கவில்லை.

ஏப்ரலில் மாமா வீட்டுக் குளியலறை வேலை வந்தது. அதுவும் பழைய வீடுதான். வாங்கியபோதே மூலையில் ஒரு தொட்டி இருந்தது. அதில் அத்தை இத்தனை வருடமும் அழுக்குத் துணியைத்தான் போட்டு வைத்திருந்தார். "ஊருக்கெல்லாம் குழாய் போடுறாரு, வீட்டுல ஒரு டப்புல தண்ணி ஓட மாட்டேங்குது" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். மாமாவுக்கு முழங்கால் வலி அதிகமாகிவிட்டது. வெந்நீரில் ஊறினால் நல்லது என்று டாக்டர் சொன்னதும், வேலையை ஆரம்பித்தோம்.

இதுவரை நான் செய்தவற்றில் அதுதான் நல்ல வேலை. தரையை உடைத்துப் பார்த்தபோது பழைய ஈயக் குழாய் துணி மாதிரி நைந்திருந்தது. முழுக்க எடுத்தேன். புதுக் குழாய்க்குச் சரிவு கொடுத்தேன், மட்டப் பலகையை வைத்து ஒவ்வொரு முழத்துக்கும் பார்த்தேன். வளைவைத் தொட்டிக்கு நேர் கீழே வைத்தேன். சுவரில் நீளப் பள்ளமாகக் காடி வெட்டி, காற்றுக்குழாயைக் கூரைக்கு மேலே கொண்டுபோனேன். மாமா ஸ்டூலில் உட்கார்ந்து கால்களை நீவிக்கொண்டே பார்த்தார்.

"என்னைவிட நல்லாப் பண்றேடி. நான் சரிவை எல்லாம் கண்ணாலதான் பாப்பேன்."

"மூக்காலன்னு நெனச்சேன்."

"வாய், வாய். அப்படியே உங்க அக்கா வாய்" என்றார். சொன்னபிறகு மட்டப் பலகையை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார்.

குழாய்களில் தண்ணீரை நிரப்பிக் கசிவு பார்ப்பதற்காகக் கூரையில் காற்றுக்குழாயின் வாயை ரப்பர் அடைப்பால் மூடியிருந்தேன். சோதனை முடிந்தது. கசிவு இல்லை. அடைப்பை எடுக்க ஏணியில் ஏறினேன். கூரை மேல் நின்று கொஞ்ச நேரம் யோசித்தேன். எடுக்காமல் இறங்கினேன்.

அது மறதி இல்லை. அக்கா வீட்டில் காற்றுக்குழாய் இல்லை, மாமா வீட்டில் இருக்கிறது, மூடியிருக்கிறது. பலன் ஒன்றுதான். வாசல் பக்கத்துப் பழைய குழி நிரம்பியிருந்தது. காலி செய்ய லாரிக்குச் சொல்லும் பொறுப்பு என்னுடையது. அதையும் சொல்லவில்லை. மற்றபடி நான் எதையும் கெடுக்கவில்லை. யார் முகர்ந்து பார்த்தாலும் தெரிந்துகொள்ளக்கூடிய ஒரு குறையை விட்டு வைத்தேன், அவ்வளவுதான். பிறகு மாமாவைக் கேட்டேன். அவசரம் இல்லாமல், மூன்று தடவை கேட்டேன்.

முதல் தடவை, வேலை முடிந்து இரண்டு நாள் கழித்து. அறையில் வாடை லேசாக வரத் தொடங்கியிருந்தது.

"மாமா, ஒருதடவ மோந்து பாருங்களேன்."

அவர் வலியோடு முழங்காலிட்டார். ஒரு பக்க மூக்கை மூடி, மறுபக்கத்தை மூடி, வழக்கமான எல்லா வித்தையும் செய்தார்.

"சுத்தம்."

"எனக்கு என்னவோ மாதிரி இருக்கு."

"உனக்கு எப்பவும் என்னவோ மாதிரிதான் இருக்கும். இந்த வயசுல இவ்வளவு சந்தேகம் ஆகாது, மருமகளே. நாளைக்குக் கட்டிக்கிறவன் பாடு திண்டாட்டம்."

இரண்டாவது தடவை, சாப்பாட்டு மேசையில். அத்தை பரிமாறிக்கொண்டிருந்தார். அவர் முன்னால் கேட்டால் மாமாவுக்குச் சொல்வது எளிதாக இருக்கும் என்று நினைத்தேன். வயதானால் சிலருக்கு மூக்கு மந்தமாகிவிடுமாமே, அப்படி இருந்தால் சோதனைக்கு வேறு ஆளை வைத்துக்கொள்ளலாமே என்று பொதுவாகச் சொன்னேன். மாமா சாப்பிடுவதை நிறுத்தினார்.

"யாருக்கு மந்தம்? இந்த மூக்கை வச்சுத்தான்டி உங்கப்பா போனப்புறம் ரெண்டு வீட்டுலயும் அடுப்பு எரிஞ்சது."

அத்தை என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போனார். நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் சொன்னது உண்மை.

மூன்றாவது தடவை, மே மாத முதல் ஞாயிற்றுக்கிழமை. அன்று மாலை தொட்டியில் முதல் குளியல் என்று மாமா முடிவு செய்திருந்தார். பகலில் எட்டிப் பார்த்தேன். அத்தை குளியலறை வாசலில் மூக்கைச் சுளித்துக்கொண்டு நின்றார்.

"என்னடி இது, கப்புன்னு அடிக்குது?"

"புதுப் பசை அத்தை. குழாய் ஒட்டினது. ரெண்டு மூணு நாள் இருக்கும்."

"அப்படியா. நான் குழியோன்னு பயந்துட்டேன்."

அத்தை என்னை நம்பினார். அவர் தெருக்கோடியில் இருந்த தங்கை வீட்டுக்குக் கிளம்பிப் போனபிறகு, மாமா வந்து தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தார். துண்டு தோளில் இருந்தது. புதிதாகப் போட்ட குழாய்களைத் தடவிப் பார்த்தார்.

"மாமா, கடைசியா ஒருதடவ பாத்துடுங்க. அப்புறம் தண்ணி பிடிக்கலாம்."

அவர் குனியவில்லை.

"உங்க அக்காவோட டப்பு ஞாபகம் வருது" என்றார்.

நான் காத்திருந்தேன்.

"ஏதாவது சொல்லணும்னா சொல்லுங்க மாமா."

அவர் வாயைத் திறந்தார். மூடினார். என் தலையில் கையை வைத்தார்.

"ஒண்ணுமில்லடி. நான் மோந்து பாக்கவே வேணாம். நீ போட்ட லைனு. எனக்கு நம்பிக்கை இருக்கு."

அதை நான் மூன்றாவது மறுப்பாக எடுத்துக்கொண்டேன். கதவைச் சாத்திக்கொள்ளச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன். ஜன்னலை நான் முன்பே சாத்தியிருந்தேன், குளிர்காற்று முழங்காலுக்கு ஆகாது என்று.

வீட்டில் அம்மாவுக்குக் கத்திரிக்காய் நறுக்கிக் கொடுத்தேன். துண்டுகள் எல்லாம் ஒரே அளவில் இருந்தன. போன் வந்தபோது அம்மாதான் எடுத்தார்.

இதில் நான் கணக்கில் சேர்க்காத ஒன்று அத்தை. அவர் தங்கை வீட்டிலிருந்து சீக்கிரம் வந்துவிட்டார். குளியலறையில் சத்தமே இல்லையே என்று கதவைத் தள்ளி உள்ளே ஓடியிருக்கிறார். வாடை பசையால்தான் என்று நான் சொல்லியிருந்ததால் தயங்கவில்லை. மாமாவின் தோளைப் பிடித்துத் தூக்கும்போதே விழுந்திருக்கிறார். பாதி உடம்பு வாசலுக்கு வெளியே இருந்ததால் பக்கத்து வீட்டுக்காரர் காலைப் பிடித்து இழுத்துவிட்டார். அத்தை பிழைத்துக்கொண்டார், மாமா இல்லை. இது தவறு. தவறுகள் வரிசையில் எழுதிக்கொள்கிறேன்.

அம்மாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நான் முன்னால் போனேன். எல்லோரும் வாசலில் கூடி நின்றார்கள். நான் ஜன்னல்களைத் திறந்தேன், ஏணியைப் போட்டுக் கூரைக்கு ஏறி அடைப்பை எடுத்தேன், கீழே வந்து வடிகாலில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினேன். அதிகாரி வருவதற்குள் அறை சுத்தமாகிவிட்டது. வந்தவர் அதே அதிகாரிதான். என்னை அடையாளம் தெரிந்துகொண்டார். பாவப்பட்டு, மெதுவாகத்தான் கேட்டார், புதிதாகப் போட்ட லைனில் ஏதாவது கோளாறு இருக்குமா என்று.

"நானே மோந்து பாத்தேன் சார். லைன்ல ஒரு குத்தமும் இல்ல."

எழுத்துக்கு எழுத்து மாமா சொன்னதுதான். வேண்டுமென்று சொல்லவில்லை. வாயில் வந்தது அதுதான்.

அத்தை அதிர்ச்சியில் மயங்கி விழுந்தார் என்று எழுதிக்கொண்டார்கள், அவருக்கு ஏற்கெனவே ரத்த அழுத்தம். மாமாவைப் பற்றி ஜனங்கள் தாங்களே பேசிக்கொண்டார்கள். முழங்கால் போய்விட்டது, இனி வேலை செய்ய முடியாது, மருமகள் போன மாதிரியே போயிருக்கிறான், மனதில் என்ன இருந்ததோ. நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அக்காவைப் பற்றிச் சொன்னதை அப்படியே எடுத்து மாமாவுக்குப் போட்டார்கள். அதைக் கேட்டபோது எனக்குத் திருப்தியாக இருந்தது. இரண்டு வருடத்தில் முதல் தடவையாகச் சாப்பாடு ருசித்தது.

ஆஸ்பத்திரியில் அத்தையைப் பார்த்தேன். குரல் சரியாக வரவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்த வாடை பசைதானேடி?" என்றார். பசைதான் அத்தை என்றேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். இந்த முறையும் நம்பினாரா என்று தெரியவில்லை.

போன செவ்வாய்க்கிழமை அத்தையின் பக்கத்துக் கட்டிலில் இருந்த ஒரு பெண்மணி, பேச்சுவாக்கில் அம்மாவிடம், கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டார். அம்மா ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமல் சொன்னார்: "நான் ஒருத்திதான்."

அக்கா தானாகச் சாகவில்லை என்று அம்மாவிடம் சொல்லக்கூடிய ஒரே ஆள் மாமா என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. இதை முன்பே யோசித்திருக்க வேண்டும். யோசித்தேனா, யோசித்துவிட்டுத் தள்ளி வைத்தேனா என்று பல தடவை என்னையே கேட்டுப் பார்த்தேன். விடை ஒவ்வொரு தடவையும் மாறுகிறது.

இந்தப் பக்கங்களைக் கிழித்துவிடலாமா என்றும் யோசித்தேன். குறிப்பில் பக்கம் கிழிந்திருந்தால் மதிப்பெண் குறைப்பேன் என்று சொல்லியிருக்கிறீர்கள். விட்டுவிட்டேன்.

மாமா செய்ததைவிட ஓர் அங்குலமும் கூடுதலாக நான் செய்யவில்லை என்று இதுவரை நினைத்திருந்தேன். அவரும் ஒரு குறையை விட்டு வைத்தார், நானும் விட்டு வைத்தேன். அவரும் சுத்தம் என்றார், நானும் சுத்தம் என்றேன். எழுதி முடித்துத் திரும்பப் படித்தபோது ஒரு வித்தியாசம் தெரிகிறது. மாமாவுக்கு வாடை தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது.

அக்கா இருந்த மாடியின் வீட்டுக்காரர் இன்று கூப்பிட்டார். அங்கே இப்போது ஒரு நர்ஸ் குடியிருக்கிறாராம். குளியலறையில் வாடை வருகிறது என்று பலமுறை சொல்லிவிட்டாராம். அந்த லைன் அப்படியே இருக்கிறது என்பது எனக்கு மார்ச்சிலிருந்தே தெரியும். போக நேரம் வாய்க்கவில்லை.

நாளைய வேலை: அந்த மாடியில் தொட்டியின் வடிகாலைப் பிரித்து, சுவரில் காடி வெட்டி, கூரைவரை காற்றுக்குழாய் ஏற்றுவது. பிறகு புதினா எண்ணெய்ச் சோதனை. மேலே ஊற்றுவது: நான். கீழே நின்று முகர்வது: நான்.